மாலை போடாத பூனை

“இன்று முதல் வீட்டில் மீன், இறைச்சி, முட்டை என எந்த மச்சமும் இல்லை. நாய்க்கும் பூனைக்கும் சோறு, தயிர், அவித்த கரட்.” போன வருடம் கார்த்திகை முதலாம் தேதி என் நாட்குறிப்பில் நான் எழுதிய வரி இது.

பதுளை கடைவீதியில் எங்கள் கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. அன்று சபரிமலைக்கு மாலை போட்டேன். யாத்திரை முடிந்து மாலையைக் கழற்றிய பிறகும் மச்சம் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். பூனைக்குக் கிடைத்துவந்த நெத்தலி மீனும் அதோடு நின்றது. இதற்கு முன் வளர்த்த பூனை பஸ்ஸில் அடிபட்டதால் இதை வெளியே விடுவதில்லை. எலி பிடிக்கவும் வழியில்லை. வெலிமடையில் விளைந்த கரட் நல்லதுதானே, கண்ணுக்கு உகந்தது என்று எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேனே என்று இருந்துவிட்டேன். அதே சோற்றைத் தின்ற நாய் கொழுகொழுவென்று இருந்தது.

ஆடி மாதக் குறிப்புகளில் பூனையின் மயிர் கொட்டியது பதிவாகியிருக்கிறது. ஆவணியில் ஒரு நாள், விளக்கு வைக்கும் நேரத்தில், அது நாற்காலிக் காலில் மோதியது. மறுநாள் ஜன்னல் கட்டைக்குத் தாவி, தவறி விழுந்தது.

நானும் மனைவியும் அதை மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனோம். நாட்குறிப்பையும் எடுத்துப் போயிருந்தேன். வைத்தியர் அம்மா அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“நல்லா எழுதியிருக்கீங்க ஐயா. இதுல மீன் எங்க, முட்டை எங்க?”

“தினமும் கரட் குடுக்கிறேங்க டொக்டர்.”

“நாயோட உடம்பு கரட்டுல உள்ளதை விட்டமின் ஏ-யா மாத்திக்கும். பூனைக்கு அது முடியாதுங்க. மீன், முட்டை, ஈரல்னு நேராவே கிடைக்கணும்.”

மனைவி பூனையைத் தடவியபடி, “மாலை போட்டது நீங்க. இது போடலியே,” என்றாள்.

வைத்தியர் மருந்து கொடுத்தார். அதற்காக ஈரலை அள்ளிப் போட்டுவிடக் கூடாது, அந்த விட்டமின் மிஞ்சினால் கழுத்தெலும்பு இறுகிவிடும் என்றும் எச்சரித்தார். அன்றே நெத்தலி வாங்கினேன். நாங்கள் இன்றும் மச்சம் சாப்பிடுவதில்லை. பூனைக்கு மட்டும் தனிச் சட்டி. மயிர் வளர்ந்துவிட்டது. பார்வை முழுதாகத் திரும்பவில்லை. சாப்பாடு வைக்கும்போது தட்டின் விளிம்பில் விரலால் தட்டுவேன். சத்தம் வந்த பக்கம் மெதுவாக நடந்து வரும்.

பார்வை கெட்டது விட்டமின் ஏ குறைவால் மட்டும்தானா, மச்சமில்லாத அந்தச் சாப்பாட்டில் வேறு சத்தும் குறைந்ததாலா என்று எனக்குத் தெரியாது. பரிசோதனை எதுவும் செய்யவில்லை. வைத்தியரும் உறுதியாகச் சொல்லவில்லை. என் குறிப்பில் ‘காரணம்’ என்று எழுதி, பக்கத்தில் விட்ட இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அந்தச் சோற்றைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பது மட்டும் என் கையெழுத்திலேயே இருக்கிறது.