கறுப்பு மஃப்ளர் கட்டிய சிட்டு

என் வீட்டுக்காரர் திருமூர்த்திக்குச் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. வேலை, மேற்கு டெக்ஸாஸ் பாலைவனத்தில் சோலார் பேனல்களைக் கட்டி மேய்ப்பது. மாதத்தில் மூன்று வாரம் அங்கே ஒரு டிரெய்லர் வீட்டில் கிடப்பார். மிச்ச ஒரு வாரம் சுகர் லேண்ட் வீட்டில் என்னோடு. பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவர் அப்பா சுப்பையன் அதற்கும் ஒருபடி மேலே. மகன் சாப்பிட்டானா என்று தெரியாமல் தட்டில் கை வைக்க மாட்டார். இவர் இங்கே காலை டிபன் முடித்த சேதி போகும்வரை அங்கே மாமாவின் ராத்திரிச் சோறு ஆறிக் கிடக்கும்.

போன வருஷம் மாமா போய்விட்டார். விசா சிக்கலில் இவரால் போக முடியவில்லை. வீடியோ காலில்தான் பார்த்தார். "தண்ணி" என்று மாமாவின் உதடு அசைந்தது. யாரோ ஊற்றினார்கள். கடைவாயில் வழிந்துவிட்டது. அன்றோடு இவருக்குப் பேச்சே குறைந்துபோனது.

இந்த ஜூலையில் இவருடைய சூப்பர்வைசர் போன் பண்ணினார். ஆள் பேனல் நடுவே மயங்கி விழுந்துவிட்டாராம், உடம்பில் தண்ணீரே இல்லையாம், இரண்டாவது தடவையாம். அன்றைக்கே காரை எடுத்தேன். ஏழு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் மத்தியானம், வெயில் கொளுத்துகிறது, மனுஷன் டிரெய்லர் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். ஊரில் சாப்பிடுமுன் காக்காவுக்கு வைப்பது போல ஒரு பிடி சோறு, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். நான் டம்ளரை நீட்டினேன்.

"முதல்ல அவர் குடிக்கட்டும்."

"யாருங்க?"

கண்ணால் காட்டினார். முள்செடி அடியில் ஒரு சிட்டு. சாம்பல் உடம்பு, வெள்ளைப் புருவம், தொண்டையில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. மாமாவுக்கும் நரைத்த புருவம். வருஷம் பூராவும் கழுத்தில் கறுப்பு மஃப்ளர்.

அது தத்தித் தத்தி வந்து சோற்றைக் கொத்தியது. கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவரையே பார்த்தது.

"மூணு மாசமா வருது மானஸா. ஒரு நாள்கூட தண்ணில வாய் வைக்கல. அப்பா குடிக்காம நான் எப்படிக் குடிக்கிறது? பொழுது சாஞ்சு அது போனப்புறம்தான் குடிப்பேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் சர்ச் பண்ணிக் காட்டினேன். "இது பாலைவனச் சிட்டுங்க! பூச்சியும் தளிரும் தின்னே ஈரத்தை எடுத்துக்குமாம். நாள்கணக்கா தண்ணி இல்லாம இருக்குமாம். நீங்க அப்படி இருக்க முடியுமா?"

"அதெல்லாம் படிச்சுட்டேன்," என்றார் அமைதியாக. "அப்புறம் எதுக்கு என்னையே பாக்குது?"

காற்று நின்றிருந்தது. சிட்டு அசையவில்லை. இவர் உதடு வெடித்துக் கிடந்தது. இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பாரா? பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"உங்கப்பா என்னைக்காவது உங்களுக்கு முன்னாடி சாப்பிட்டிருக்காரா? நீங்க குடிக்கணும்னு அவர்தாங்க காத்துட்டு இருக்கார்!"

திரும்பி என்னைப் பார்த்தார். டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

சிட்டு எழும்பிக் கிண்ணத்து விளிம்பில் உட்கார்ந்தது. குனிந்தது, தலையைத் தூக்கி விழுங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று வாய்.

சத்தியமாக, அவரைக் குடிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

இப்போது தினமும் மத்தியானம் போன் பண்ணி, "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்கிறேன்.

"ரெண்டு பேரும் குடிச்சாச்சு," என்கிறார்.