மாற்றிக் கட்டிய கொடி

அந்துருண்டை வாசனை என்றால் எனக்கு ஆகஸ்ட் பதினைந்து. பள்ளியின் மூவர்ணக் கொடியும் எங்கள் கோவிலின் மாதா கொடியும் முதல் நாளே பெட்டியிலிருந்து வெளிவந்து, கோவில் காரியங்களைப் பார்த்துக்கொண்ட உபதேசியாரான அப்பாவின் மடியில் ஒரே வாசனையுடன் கிடக்கும். சுதந்திர தினமும் மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் ஒன்றாக வருவதால், பாபநாசம் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் இரண்டையும் சம்பங்கி இதழ் வைத்து அப்பாதான் சுருட்டுவார். அவர் போடும் "உருவு முடிச்சு" ஒரே இழுப்பில் அவிழும்.

அந்த வருடம் கணக்கு வாத்தியார், "நாட்டுக் கொடி கட்டக்கூட கோவில்லேர்ந்துதான் ஆள் வரணுமா?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டது அப்பாவின் காதில் விழுந்திருந்தது. "இந்தத் தடவை பிசகக் கூடாதுடா" என்று சொல்லித்தான் காலையில் என்னை அனுப்பினார். அவர் கோவில் பூசையில் நிற்க வேண்டும். பள்ளிக் கம்பத்தில் கட்டுவது ஏழாம் வகுப்பு படித்த என் பொறுப்பு. ஓரங்களை உள்ளே மடித்து வெள்ளை மட்டும் தெரியும்படி சுருட்டிய இரண்டு பொட்டலங்கள் மேசைமேல் இருந்தன. பள்ளியில் கொடுக்கும் ஆரஞ்சு மிட்டாய் தீர்ந்துவிடுமோ என்ற தேசியக் கவலையில் நான் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தலைமையாசிரியர் கயிற்றை இழுத்தார். பூ கொட்டியது. நீலக் கரை போட்ட வெள்ளைத் துணியில் மாதா காற்றில் ஆடினாள்.

சத்துணவு ஆயா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளைகளும் போட்டுக்கொண்டார்கள். நான் மிட்டாயை மறந்தேன்.

"பாத்தீங்களா சார், நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் கணக்கு வாத்தியார்.

"சொன்னீங்க. இப்ப நீங்களும்தான கன்னத்துல போட்டுக்கிட்டீங்க" என்றார் தலைமையாசிரியர். பிறகு என்னிடம், "மெதுவா இறக்குடா, தரையில படப்போவுது" என்றார்.

அதற்குள் அப்பா மூவர்ணத்தை நெஞ்சோடு அணைத்து சைக்கிளில் வந்துவிட்டார். கோவிலில் அது விரிந்ததும் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்களாம். சாமியாரே தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டாராம்.

"மன்னிச்சுக்குங்க சார், பையன் மாத்தி எடுத்தாந்துட்டான்."

"அதனால என்ன, நீங்களே கட்டுங்க."

அப்பா முடிச்சைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடியும் போட்டார். வீட்டில் அடிப்பார் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சிரிச்சுக்கிட்டே விட்டுட்டாங்க. நல்லவங்க. இருந்தாலும் நாம ரெண்டு தடவை பாத்துதான்டா கட்டணும்."

மறு ஆகஸ்டிலும் பள்ளியிலிருந்து கொடி வந்தது. அப்பா அதை வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

இப்போது தஞ்சாவூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாலியஸ்டர் கொடி. அந்துருண்டையும் இல்லை, சம்பங்கியும் இல்லை. பூசை முடிந்த கையோடு வந்து முதல் ஆளாக நின்று, தொந்தியை உள்ளிழுத்து விறைப்பாக சல்யூட் அடிப்பவன் நான். "ராணுவத்துல சேர வயசு போயிடுச்சுங்க" என்பாள் மனைவி. கணக்கு வாத்தியார் கேட்டதுபோல இங்கே யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்றுதான் இந்த விறைப்பு என்பதை அவளிடம் சொன்னதில்லை.

போன வருடம் கொடி பாதியில் சிக்கிக்கொண்டது. நான்தான் போய் இறக்கி, சுருட்டி, அப்பாவின் உருவு முடிச்சைப் போட்டேன். கையில் இருந்தது ஒரே கொடிதான். ஆனாலும் இரண்டு தடவை பார்த்தேன்.