மலை வீட்டின் ஆறடி

மலையைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் காரைக்கால் பக்கத்து வயல்காட்டு ஊரான குரும்பகரத்துக்காரி. வரப்பில் நின்றால், தொலைவில் வருகிற பஸ் வயலுக்கு அந்தப் பக்கமே தெரிந்துவிடும். மலை எதையும் காட்டாது. ஒவ்வொரு வளைவிலும் ஒளித்து வைத்துக்கொண்டு, வேண்டுமானால் ஏறி வா என்று அதிகாரம் செய்யும்.

காரைக்காலில் வீட்டுக்குப் பிளான் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். முதலாளியை சார் என்போம். மலையில் மனை வாங்கியிருந்த ஒருவர் வீடு கட்ட எங்களிடம் வந்தார். "மலைய அனுபவிச்சு வரையணும்மா" என்றார் சார். அவருக்குத் தெரிந்த அனுபவம் ஒன்றுதான்: பள்ளத்தாக்கைப் பார்த்துப் பெரிய கண்ணாடி.

நான் ஊர்ப் பழக்கத்தில் வரைந்தேன். சரிவை வெட்டிச் சமமாக்கி, தரையை நாலடி உயர்த்தி, வெட்டிய சரிவோடு பின்சுவர் ஒட்டி நிற்கும்படி படுக்கையறை. எங்கள் பக்கம் வெள்ளம் கீழேயிருந்துதான் ஏறும். தரையைத் தூக்கிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மனையைப் பார்க்கப் போனோம். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், சார் சிரித்தார். போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சார் ஜீப்பிலேயே உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்தார். நான் குடையோடு இறங்கி, பின்சுவர் வரப்போகும் இடத்தில் நின்றேன். குதிகால் பக்கமாகச் செருப்புக்குள் தண்ணீர் நுழைந்தது. திரும்பிப் பார்த்தால், சரிவு முழுக்கச் சேறும் தண்ணீருமாக என்னை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட கோட்டை நம்பி ஒரு குடும்பம் அங்கே படுத்திருக்கும்.

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் அழித்தேன். வீட்டை இரண்டு தளமாகப் பிரித்துச் சரிவோடு இறக்கினேன். மலைக்கும் பின்சுவருக்கும் நடுவே ஆறடி விட்டு, அதில் ஒரு வாய்க்கால்.

"ஆறடியும் தண்டம். ரூம முன்ன மாதிரியே ஒட்டிப் போடு."

"தண்ணி பின்னாலேருந்து வருது சார். நனைஞ்சுட்டுதான் சொல்றேன்."

"குரும்பகரத்துப் பொண்ணுக்கு மலையப் பத்தி என்ன தெரியும்?"

சம்பளம் வாங்குகிறவள், வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை. வீட்டுக்காரர் வந்த அன்று, சார் பேச்சை ஆரம்பிப்பதற்குள், என் வரைபடத்தை அவர் முன்னால் விரித்தேன். "ஒட்டிக் கட்டுனா மலைத்தண்ணி உங்க தலைமாட்டுக்கே வரும்ங்க. அந்த ரூம்ல படுக்காதீங்க." வீட்டுக்காரர் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மறுநாள் எனக்கு வேலை இல்லை.

வீடு ஆறடியோடுதான் எழும்பியது. மழைக்கு வாய்க்கால் நிறைய ஓடுகிறது, அறை காய்ந்திருக்கிறது என்று வீட்டுக்காரரே போனில் சொன்னார்.

சார் இப்போது அந்த வீட்டின் படங்களைக் காட்டிக் கல்லூரிகளில் பேசுகிறார். போன மாதம் ஒரு வீடியோ பார்த்தேன். "இந்த ஆறடிய எனக்கு மலைதான் சொல்லிக்குடுத்துச்சு" என்று கையை விரிக்கிறார். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

மலை அவரிடம் எப்போது பேசியது? அன்றைக்கு மனையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது அவருடைய வெள்ளை ஷூவில் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லை.