ஈரத்தில் ஒட்டிய இறக்கை

ராஜாம்பாளுக்கு வயது நாற்பத்தொன்பது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் பதினெட்டு ஆண்டு ஏழு மாதம் கை ஒட்டினாள். பொம்மையின் உடம்பும் கையும் தனித்தனி அச்சிலிருந்து வரும். இரண்டையும் லேசாகக் கீறி, களிமண் கூழ் தடவி, ஈரம் உலருமுன் அழுத்திவிட வேண்டும். கூழைக் காயவிட்டால் சூளையில் கை கழன்றுவிடும். அவள் ஒட்டிய கை கழன்றதாக ஒரு புகாரும் கிடையாது.

2025 மே மாதம் அந்தக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். ஜூன் 9 அன்று ஜெயராஜ் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார். சேத்தியாத்தோப்பு சாலையில் தகரக் கொட்டகை போட்டு, கல்லூரிகளுக்குத் தெர்மாகோல் போன்ற ஃபோமில் பறக்கும் மாதிரி விமானம் செய்து கொடுப்பவர் அவர். நாலடி இறக்கை இரண்டு துண்டாக வரும். நடுவில் ஒட்டுவது அவள் வேலை. மாத முடிவுக்குள் முப்பது விமானம் தருவதாக ஜூலையில் ஒரு கல்லூரிக்கு ஒப்புக்கொண்டிருந்தார்.

முதல் நாளே இருவருக்கும் ஆகவில்லை. செருப்புத் தைப்பவர்கள் போடும் மஞ்சள் கோந்தைக் கொடுத்தார். தடவிய இடமெல்லாம் ஃபோம் குழிகுழியாகக் கரைந்தது.

"கோந்து தின்னுது சார்" என்றாள்.

"பொம்மைக்குக் கை வெக்கிறவ எனக்குப் பாடம் எடுக்காத."

மறுநாள் அவரே வேறு டப்பா வாங்கி வந்தார். ஃபோமைக் கரைக்காத கோந்து. அது கரைக்கவில்லைதான், ஆனால் பிடிக்கவுமில்லை. ஜூலை 7, 10, 12 என்று ஒரே வாரத்தில் மூன்று விமானங்கள் பறக்கும்போதே நடுவில் பிரிந்து மணிமுத்தாற்று மணலில் விழுந்தன. உடைந்த துண்டை அவள் மேசையில் விட்டெறிந்தார் ஜெயராஜ்.

"வர்ற வெள்ளிக்கிழம றெக்கையில நாலு கிலோ கல்லு தொங்கவுடுவேன். நின்னா நீ இருக்கலாம். பிரிஞ்சா அன்னிக்கே கெளம்பிடு."

கிளம்பினால் போக இடமில்லை. பேட்டையில் கை ஒட்ட ஆள் கேட்பார் யாருமில்லை.

திங்களன்று மரவேலைக்குப் போடும் வெள்ளைக் கோந்தில் ஒரு துண்டை ஒட்டி, வியாழனன்று பிரித்தாள். காற்றுப் புகாத ஃபோமுக்குள் அது இன்னும் பாலாகவே இருந்தது. சூடாக்கி உருக்கும் குச்சிக் கோந்து பிடித்தது. ஆனால் எடை பதினெட்டு கிராம் கூடிவிட்டது, ஓரமும் பொசுங்கியது. கடைசியில் ஃபோமைக் கரைக்காத அந்தப் பழைய டப்பாவையே எடுத்து இரு பக்கமும் தடவினாள். மணி பதினொன்று இருபது. ஜெயராஜ் உள்ளே வந்தார்.

"இன்னுமா தடவுற? நாளைக்கி எந்த பஸ்ஸுன்னு பாத்து வெச்சிட்டியா?"

"பஸ்ஸு எனக்குத் தெரியும். ஒட்டறது என்னான்னு உங்களுக்குத்தான் தெரியல."

"பதினெட்டு வருசம் ஒட்டினேன்னு பீத்திக்கிற. கம்பெனியே பிரிஞ்சி போச்சே, அதையும் நீதான் ஒட்டினியா?"

பேக்கிங் பார்க்கும் மஹிரா வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜாம்பாளுக்கு முகம் எரிந்தது.

"நீங்க வாங்கியார குப்பைக்கு நான் பழி ஏக்கணுமா?"

அவர் மூன்று விமானத்தைச் சொன்னார். அவள் மஞ்சள் கோந்தைச் சொன்னாள். போன் வந்து அவர் வெளியே போனபோது மணி பதினொன்று முப்பத்திரண்டு. கோந்து காய்ந்திருந்தது. விரலில் ஒட்டவில்லை. பாழ் என்று நினைத்து, ஆத்திரத்தில் இரண்டு துண்டையும் ஓங்கி அறைந்து சேர்த்தாள். ஒட்டு ஒரு நூல் அளவு விலகியிருந்ததைத் திருத்தப் பார்த்தாள், அசையவில்லை. இழுத்தாள். பக்கத்து ஃபோம் கிழிந்தது. ஒட்டு நின்றது.

மஹிராவிடம் டப்பாவைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.

"ரெண்டு பக்கமும் தடவி, பத்து நிமிஷம் காயவுட்டு ஒட்டணும்னு போட்டிருக்குதுக்கா."

அப்படியே காயவிட்டு ஒட்டிய புது இறக்கை வெள்ளிக்கிழமை நாலு கிலோ தாங்கியது. ஜெயராஜ் தன் கையாலேயே இன்னும் இரண்டு கிலோ கட்டினார். அப்போதும் நின்றது.

"என்னாத்தப் போட்ட?"

"அதே டப்பாதான். மூணு றெக்கையும் என் கையாலதான் போச்சு. ஈரத்துல ஒட்டிட்டேன்."

தப்பை அவளே ஒப்புக்கொண்டதில் அவர் முகம் மலர்ந்தது. வாய் திறக்குமுன் டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"எல்லாம் இதுல எழுதியிருக்குது. எனக்கு இங்கிலீஷு தெரியாது. உங்களுக்குத் தெரியுமே, படிச்சீங்களா?"

ஜெயராஜ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே எனக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் டப்பாவப் பிரிக்கணும்."

"யாருகிட்டப் பேசுறேன்னு தெரியுதா?"

"தெரியுது. முப்பது விமானத்துக்கு ஒத்துக்கிட்டவருகிட்ட."

திங்களன்று புது டப்பா வந்தது. ஜெயராஜ் அவள் மேசைமுன் நின்று, ஒவ்வொரு வரியையும் வசவு துப்புவதுபோல் தமிழில் சொன்னார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"காயுற நேரம் மட்டும் இன்னொரு தபா" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.