அக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை

எங்கள் அலுவலகத்தில் கணினி, பிரிண்டர், தொலைபேசி எல்லாவற்றையும் கவனிப்பவன் நான். படித்து வாங்கிய பதவி அல்ல. முன்பு ஒரு நாள் காகிதம் சிக்கிக்கொண்ட பிரிண்டரின் பின்மூடியைத் திறந்து அதை உருவி எடுத்தேன். பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார். அன்று முதல் மின்சாரம் ஓடும் எல்லாப் பொருளும் என் இலாகா. வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் புத்தகங்களில் ஒன்றுகூட இந்த விஷயத்தில் எனக்கு உதவியதில்லை. உதவாத புத்தகங்களாகத் தேடித்தேடி வாங்கியிருக்கிறேன் போலிருக்கிறது.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது அலுவலகம். கப்பலில் வரும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுப்பது தொழில். சரக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தவன் யாருக்கும் போன் செய்வதில்லை. எனவே எங்களுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் கோபத்தோடு வரும். அந்தக் கோபத்தை முதலில் வாங்கிக்கொள்பவர் முன்மேசை அக்கா. வணக்கம், ஸெலாமாட் பாகி, குட் மார்னிங் என்று மூன்றையும் ஒரே மூச்சில், கடைசியில் கொஞ்சம் இழுத்துச் சொல்வார். திட்ட வந்தவன் அந்த இழுப்பு முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதிச் சூடு போய்விடும்.

சென்ற ஆண்டு அக்காவின் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. மாக் மண்டின் தொழிற்பேட்டையின் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த மனிதர், இடது பக்கம் செயலிழந்து படுக்கையில் விழுந்துவிட்டார். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்தே ஆபீஸ் போனை எடுக்க முடியுமா என்று அக்கா முதலாளியிடம் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் சின்ன விஷயம் பாஸ்," என்றேன். என் பெரிய அவமானங்கள் எல்லாம் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் தரேன்லா," என்றார் முதலாளி. "போன் ஒழுங்கா வேல செஞ்சா அக்கா வீட்டுலேயே இருக்கட்டும். இல்லாட்டி நான் வேற ஆள் பாக்கணும். என்னையும் தப்பா நெனக்காதீங்க."

இப்போதைய மேசைத் தொலைபேசி இணையத்தில் ஓடுவது. மேசையிலிருந்து கழற்றிக் கொண்டுபோய் வேறொரு வீட்டின் ரூட்டரில் செருகினால், தான் இன்னும் ஆபீஸில்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு அது வேலை செய்யும். செய்ய வேண்டும். இணையத்தில் பார்த்த வீடியோக்களில் செய்தது. போனிலும், அழைப்புகளை இணைக்கும் ஆபீஸ் இயந்திரத்திலும் கேட்ட எண்களையெல்லாம் நிரப்பிப் போனை அக்காவிடம் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை சோதனை. முன்கூட்டியே மெசேஜ் அனுப்பினேன்: "போன எடுங்க அக்கா. சத்தம் கேட்டாலும் கேக்காட்டியும் நான் சொல்ற வரைக்கும் வைக்காதீங்க." என் மேசையைச் சுற்றி முதலாளியும், கணக்குப் பார்க்கும், நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடும் பெண்ணும் நின்றார்கள். ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தேன். மணி போனது. அக்கா எடுத்துவிட்டதாகத் திரை சொன்னது. அந்தப் பக்கம் ஒரே நிசப்தம்.

"ஹலோ? அக்கா? ஹலோ?"

ஒன்றுமில்லை.

"என்னலா, சின்ன விஷயம்னு சொன்னீங்க?" என்றார் முதலாளி.

இந்த இடத்தில் நேர்மையான மனிதன், "எனக்குத் தெரியல பாஸ்," என்று சொல்லியிருப்பான். நான் நகைச்சுவை உணர்வு உள்ளவன். "நம்ம பக்கம் எல்லாம் ஓகே பாஸ். அக்கா வீட்டுலதான் கோளாறு. ரூட்டருக்கும் ரைஸ் குக்கருக்கும் அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஒயர எதுல குத்தி வச்சிருக்காங்களோ!" என்றேன். தங்கச்சி சிரித்தாள். சிரிப்பைக் கண்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அக்காவின் மும்மொழி வணக்கத்தை அவர் குரலிலேயே, அந்த இழுப்போடு செய்து காட்டினேன். முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். அதன் மேல் ஒரு படி ஏறி, "இதுக்கு ஆளே வேணாம் பாஸ். இதையே ரெக்கார்ட் பண்ணி வச்சா போதும். தமிழுக்கு ஒண்ண அமுக்கு, மலாய்க்கு ரெண்ட அமுக்கு," என்றேன்.

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். "அதுவும் நல்ல ஐடியாதான்லா," என்றார்.

இணைப்பைத் துண்டித்த பிறகுதான், அந்தப் பக்கம் கேட்டிருந்தால் என்ற யோசனை வந்தது. அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்: "ஏதாவது கேட்டுச்சா அக்கா?" அவர் தட்டச்சு செய்வதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது: "ஒண்ணும் கேக்கல தம்பி."

நிம்மதியாகப் போய் ஒரு கோப்பி குடித்தேன்.

அதன்பின் வந்த நாட்களில் அந்தப் பதிலை வைத்துத்தான் வேலை செய்தேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றால் எங்கள் குரல் அவர் வீட்டு வாசல் வரை போய் உள்ளே நுழைய முடியாமல் நிற்கிறது என்று பொருள். ஆகவே கோளாறு அவர் வீட்டில். நான் ஏற்கெனவே சொன்னதுதானே என்று ஒரு திருப்தி வேறு. ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். ஒயரை மாற்றச் சொன்னேன். நாற்காலி போட்டு ஏறி, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். "அவருக்குக் கஞ்சி குடுத்துட்டு வந்து பண்றேன் தம்பி," என்று பதில் வரும், சொன்னபடி செய்வார். ஒன்றும் மாறவில்லை. மாசக் கடைசி நெருங்கியது. வேறு வழியில்லாமல் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறினேன்.

அக்கா வீடு மாக் மண்டின் பக்கத்து அடுக்குமாடியில் இருந்தது. கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். "எப்படி இருக்கீங்க அண்ணே?" என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நோய் செய்யும் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸ் போன் சாமி படத்துக்குக் கீழே, துடைத்துச் சுத்தமாக இருந்தது. எடுத்து ஆபீஸுக்கு அடித்தேன். தங்கச்சி எடுத்தாள்.

"ஹலோ? ஹலோ?"

துல்லியமாகக் கேட்டது. பின்னால் மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்டது.

"நான்தாம்மா பேசுறேன்," என்றேன்.

"ஹலோ? பாஸ், அக்கா வீட்டு போன்தான். சத்தமே வரல."

சற்றுத் தள்ளி முதலாளியின் குரல்: "இது சரிப்பட்டு வராதுலா. அந்த ரெக்கார்டிங் ஆளுக்கு போன் போட்டு என்னான்னு கேளு."

ரிசீவர் காதிலேயே ஒட்டிக்கொண்டது போல நின்றேன். ஆபீஸில் பேசுவது இங்கே கேட்கிறது. இங்கே பேசுவதுதான் அங்கே போகவில்லை. முதல் நாளிலிருந்தே அப்படித்தான். திரும்பிப் பார்த்தேன். அக்கா கையில் துண்டோடு நின்றிருந்தார்.

"அக்கா... அன்னிக்கு..."

"வைக்காதீங்கன்னு சொன்னீங்களே தம்பி," என்றார். "கையில கஞ்சிக் கிண்ணம். அதனால நானும் ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தேன்."

கட்டிலைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"கேட்டுச்சுன்னு சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா நீங்க எப்படி என் மொகத்த பாப்பீங்க? போன நீங்கதானே சரி பண்ணணும். உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "மொதல்ல அத பாருங்க தம்பி."

பார்த்தேன். உண்மை தெரிந்த பிறகு கோளாறைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அக்காவின் குரல் எங்கே வந்து சேர வேண்டும் என்று ஆபீஸ் இயந்திரம் அவர் போனுக்கு ஒரு முகவரி கொடுக்கும். உலகத்துக்குத் தெரிந்த வெளி முகவரியைப் போட வேண்டிய கட்டத்தில், கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள் முகவரியை நான் போட்டு வைத்திருந்தேன். ஊர், தெரு எதுவும் எழுதாமல் 'மாடி, ஜன்னலோர மேசை' என்று மட்டும் எழுதித் தபாலில் போடுவதைப் போல. அக்கா ஒவ்வொரு முறையும் "ஹலோ தம்பி, நல்லா கேக்குது," என்று சொல்லியிருக்கிறார். அது பட்டர்வொர்த்திலேயே எங்கோ அலைந்து தொலைந்திருக்கிறது. அவர் வீட்டு ரூட்டரில் ஒரு குறையும் இல்லை. குற்றவாளியின் இருக்கை என் மேசைக்கு முன்னால் இருந்தது.

அங்கிருந்தே ஆபீஸ் இயந்திரத்துக்குள் நுழைந்து அந்த ஒரு வரியை மாற்றினேன். மறுபடி அடித்தேன். இந்த முறை முதலாளியே எடுத்தார்.

"ஹலோ! ஆ, கேக்குது, கேக்குது! என்னலா கோளாறு? ரைஸ் குக்கரா?"

வழக்கம்போல ஸ்பீக்கரைப் போட்டிருந்தேன். கட்டிலும் அக்காவும் கேட்டார்கள். அணைக்கலாமா என்று கை போனது, விட்டுவிட்டேன்.

"இல்ல பாஸ். தப்பு என்னோடது. நம்ம ஆபீஸ்லதான் நான் தப்பா போட்டு வச்சிருந்தேன். அக்கா பக்கம் மொதல்லேர்ந்தே எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப அந்த ரெக்கார்டிங்?"

"வேணாம் பாஸ்."

"நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். கோபத்துல கூப்பிடுறவன்கிட்ட ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு சொன்னா அவன் நேரா மாடியேறி வந்து நம்மள அமுக்குவான் பாஸ்."

முதலாளி சிரித்தார். இந்தக் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. "சரிலா. திங்கக்கெழமலேர்ந்து அக்காவ லைன்ல வரச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்.

அக்கா சோறு போட்டார். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் சாப்பிட்டேன். நடுவில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டார். ஊற்றிக்கொண்டேன்.

அக்கா இன்றும் பட்டர்வொர்த்திலிருந்துதான் எங்கள் அழைப்புகளை எடுக்கிறார். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் இல்லை என்று வாடிக்கையாளர் ஒருவருக்கும் தெரியாது. குரல் இரண்டு பக்கமும் தெளிவாக இருக்கிறது. அதனால்தான் முதல் வாரமே கவனித்துவிட்டேன்: "சார், உங்களுக்கு ஒரு கால் இருக்கு, குடுக்கட்டுமா?" என்கிறார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னைச் சார் என்று அழைத்ததே இல்லை.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "என்னக்கா, புதுசா சார் போடுறீங்க?"

"லைன்ல கஸ்டமர் இருப்பாங்க சார்," என்றார்.

அப்போது லைனில் வேறு யாரும் இல்லை. நான்தான் அவரை அழைத்திருந்தேன்.