மார் மாராக அளந்த கயிறு

மகள் இங்கிலீஷ் அகராதியை வாசித்துக்கொண்டிருந்தாள். ‘ஃபேதம்’ என்பது கடலாழத்தை அளக்கும் அளவாம். ஆதியில் அந்தச் சொல் அணைக்க விரித்த கைகளைக் குறித்ததாம்.

எனக்குத் தென்காசி வீட்டுக் கிணற்றின் பாசி வாடை அடித்தது. என் சின்ன வயதில், குற்றாலச் சாரலில் நனைந்திருந்த கல்லில் வழுக்கி அக்கா அந்தக் கிணற்றில் விழுந்தாள். குடம் எடுக்கும் பாதாளக்கரண்டியில் கட்டுவதற்காக அப்பா கைகளை அகல விரித்து, மார் மாராகக் கயிறு அளந்தார். என்னைத் தூக்கத்தான் விரிக்கிறார் என்று நினைத்து அழுதபடி அவரிடம் ஓடினேன்.

“ஏட்டி, தள்ளிப் போ! கயிறு அடிவரைக்கும் எட்டணும்லா!”

கயிறு எட்டியது. அக்காவுக்குத்தான் உயிரில்லை. அதன்பின் சாகும்வரை அப்பாவின் கைகள் யாருக்காகவும் விரியவில்லை.

“இம்புட்டுதாம்மா ஒரு ஃபேதம்,” என்று மகள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அந்தக் கைகளை நோக்கி ஓட, உட்கார்ந்த இடத்தைவிட்டு என்னால் எழுந்திருக்க முடியவில்லை.