ஸ்கேன் செய்தால் வரும் பெயர்

இன்று ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சரசாக்காவிடம் இட்லி வாங்கினேன். கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் ‘முருகேசன்’ என்று வந்தது.

“இன்னாக்கா, வேற பேரு வருது?”

“என் கொழுந்தனாரு பேரு தம்பி. பேங்கு மெஷின்ல என் ரேகை விழவே இல்ல, அதான் அவரு கணக்குல வாங்கினது. தோல் கம்பெனில இருவது வருஷம் சுண்ணாம்புத் தொட்டில கைய வுட்டு, எல்லாம் தேஞ்சிபோச்சி.”

“பணத்த குடுத்துட்றாரா?”

“கேட்டா குடுப்பாரு. நெதம் போயி கேக்கணும், எம் பணத்தையே.”

நாடு முழுக்க ஒரே கியூஆராம், எந்த ஆப்பில் அடித்தாலும் போகுமாம்.

போகிறது. முருகேசனுக்கு.

அக்கா ஊறவைத்த தோல் ஷூவாகிக் கப்பலேறிவிட்டது. அவர் கட்டைவிரலைத்தான் ஆம்பூரிலேயே அடையாளம் தெரியவில்லை.

உங்கள் ஊரில் இட்லி விற்பது யார், ஸ்கேன் செய்தால் வருவது யார்? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.